செவிச்செல்வமும் பிள்ளைமடுவமும்

வரலாறு என்றவுடன் மன்னர் பரம்பரைகளையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் எண்ணிக்கொள்வது பாடநூல்கள் நமக்குப் பழக்கிவிட்ட வழக்கம். மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாறு எழுதப்படும்போதும் அது பெரும்பாலும் பயிரின் வரலாறாகவே அமைந்துவிடுகிறது. கோப்பி வந்தது, இலைநோயால் அழிந்தது, தேயிலை வந்தது, புகையிரதம் வந்தது, ஏற்றுமதி பெருகியது. இந்தக் கதையிலே தொழிலாளி ஒரு கணக்கெண். அவன் மனைவி இன்னொரு கணக்கெண். அவர்களுடைய கைக்குழந்தையோ கணக்கிலேயே சேராத ஒன்று. செக்ரோலில் பெயர் பதிந்து மலைக்கு வேலைக்குப் போகும் வயது வரும்வரை அக்குழந்தைக்கு வரலாறு இல்லை.

ஆயின் ஒரு சமுதாயம் தன் குழந்தைகளோடு எவ்வாறு பேசிற்று, எவ்வாறு விளையாடிற்று, அவ்வாறு பேசவும் விளையாடவும் ஒரு நாளிலே எத்தனை நாழிகை அதற்கு விட்டுவைக்கப்பட்டது என்பனவும் வரலாற்று வினாக்களே. பேச்சும் பாட்டும் கல்வியும் செவி வழியாகவே பெரும்பாலான குழந்தைகளை வந்தடைகின்றன. ஆகவே திம்புள்ளப் பகுதித் தோட்டங்களிலே பிறந்த குழந்தைகளின் செவியை வளர்த்தவை எவை, வளரவிடாது தடுத்தவை எவை என்று ஆராய்வது அச்சமுதாயத்தின் வரலாற்றை அடித்தளத்திலிருந்து ஆராய்வதாகும்.

பிள்ளைத்தமிழ் கண்ட உண்மை

செவியாற் பெறும் செல்வத்தை ஏனைய செல்வங்களுக்கெல்லாம் தலையாயதாக வள்ளுவர் வைத்தார். கேள்வி என்னும் அதிகாரத்திலே அவர் கருதியது கற்றோர் வாய்க் கேட்கும் அறிவினை. ஆயினும் அவ்வறிவைப் பெறுதற்குரிய செவி பள்ளிக்கூடத்து வாங்கிலே உருவாவதில்லை, தொட்டிலிலே உருவாகிறது. இதனை நம் முன்னோர் கூர்ந்து கவனித்திருந்தனர் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை நல்ல சான்று.

பிள்ளைத்தமிழின் பருவங்கள் பத்து என்பது மாணவர் அறிந்ததே. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாற் பிள்ளைகளுக்கும் பொது. ஐந்தாம் திங்களிலே செங்கீரை, ஒன்பதாம் திங்களிலே சப்பாணி எனப் பாட்டியல் நூல்கள் திங்கள் எண்ணிக் கூறும். நூலுக்கு நூல் எண்ணிக்கை சற்று வேறுபடுதலும் உண்டு. இவ்வரிசையைச் செவியின் வளர்ச்சி என்னும் நோக்கிலே மீண்டும் படித்துப் பார்த்தல் வேண்டும். தாலாட்டும்போது குழந்தை ஒரே குரலின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து கேட்கிறது. சப்பாணி கொட்டும்போது தாய் கைதட்டும் ஓசையையும் அந்த ஓசையை எழுப்பும் செயலையும் இணைத்துக் காண்கிறது. பின்னர்த் தானே தட்டுகிறது. வருகைப் பருவத்திலே அழைக்கும் குரலை நோக்கித் தளர்நடையிட்டு வருகிறது. அம்புலிப் பருவத்திலே கைக்கு எட்டாத பொருளுக்கும் பெயர் உண்டு என்று அறிகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழிலே அடுத்து வரும் சிறுபறைப் பருவத்திலோ அது பறையைத் தன் கையிலெடுத்துத் தானே முழக்குகிறது. கேட்டவன் ஒலிப்பவனாகிறான். கேட்டல், உற்றுக் கேட்டல், ஒலி வந்த திசை அறிதல், ஒலியைப் பொருளோடு பொருத்துதல், தானே ஒலித்தல் என இன்றைய செவிப்புல அறிஞர் வகுக்கும் படிகளுக்கும் இப்பருவங்களுக்கும் உள்ள ஒற்றுமை வியக்கத்தக்கது. இதைக் கொண்டு நம் முன்னோர் எல்லா விஞ்ஞானமும் அறிந்திருந்தனர் என்று பெருமையடித்தல் தகாது. குழந்தையோடு நாள் முழுதும் பழகிய பெண்களின் கூரிய கவனத்தைப் புலவர்கள் இலக்கியமாக்கினர் என்பதே பொருந்தும்.

அப்புலவர்கள் பாடியது யாருடைய குழந்தையை? கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியது 12 ஆம் நூற்றாண்டிலே ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழன்மீது பாடியது. 17 ஆம் நூற்றாண்டிலே குமரகுருபரர் மதுரை மீனாட்சியைக் குழந்தையாக்கிப் பாடினார். அரசனும் தெய்வமும் குழந்தையாயினர். உழவன் மகனும் கூலிக்காரி மகளும் குழந்தையாகவில்லை. அக்குழந்தைகளைப் பாடியவர்கள் அவர்களுடைய தாய்மார். ஏட்டில் ஏறாத தாலாட்டுக்களே உழைக்கும் மக்களின் பிள்ளைத்தமிழ். தாலாட்டுக்களிலே பாடும் தாயின் குடும்பத் தொழிலும் சமுதாய நிலையும் வெளிப்படுவதைப் பேராசிரியர் நா. வானமாமலை எடுத்துக்காட்டியமை இங்கு நினைக்கத்தக்கது.

இரண்டு ஓசைகள்

திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கடல் கடந்து வந்த மக்கள் அத்தாலாட்டையும் கொண்டுவந்தார்கள். திம்புள்ளப் பள்ளத்தாக்கிலே காடு வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1869 இல் இலங்கையிலே தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, 1880களிலே அதே சரிவுகளிலே தேயிலை ஏறியது. 1884 இல் அட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் புகையிரதப் பாதை வந்தது. தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, கொட்டகலை எனப் பெயர் பெற்ற ஊர்களைச் சுற்றித் தோட்டங்கள் எழுந்தன.

கோப்பி பருவப் பயிர். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து தருவது. அக்கொழுந்தை எடுப்போர் பெரும்பாலும் பெண்கள். எனவே தேயிலையின் வருகையோடு குடும்பம் முழுவதும் தோட்டத்திலே நிலைகொண்டது. தாய் நாள்தோறும் மலைக்குப் போக வேண்டியவளானாள். தோட்ட வாழ்க்கையிலே குழந்தையின் நிலையைத் தீர்மானித்த பொருளாதாரக் காரணம் இதுவே. கொழுந்து காத்திருக்காது, ஆகவே குழந்தை காத்திருந்தது.

தோட்டக் குழந்தையின் செவியிலே விழுந்த ஓசைகள் இருவகை. ஒன்று விடியுமுன் ஒலிக்கும் தப்பு. தொழிலாளரைப் பிரட்டுக்களத்திற்கு அழைப்பதற்காக அது முழங்கியது. அதன் பின்னர் கங்காணியின் அதட்டல், கணக்கப்பிள்ளையின் பெயர் அழைப்பு, ஸ்டோரின் சங்கு. இவை கட்டளையின் ஓசைகள். இவற்றிற்கு மறுமொழி கூற வேண்டியதில்லை; கீழ்ப்படிய வேண்டும். மற்றொன்று லயத்தின் ஓசை. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி என்ற காம்பராவிலே சேலையால் கட்டிய தொட்டில், அப்பாயியின் கதை, பக்கத்துக் காம்பராச் சிறுமியர் கைதட்டி ஆடும் ஆட்டம், மாசி மாதத்துக் காமன் கூத்து, மாரியம்மன் திருவிழாவின் உடுக்கு. அதே தப்பு, திருவிழாவிலே கட்டளையை மறந்து ஆட்டத்திற்கு அழைத்தது. இவை உறவின் ஓசைகள்.

தோட்டத் தாய் பேசத் தெரியாதவள், குழந்தை வளர்ப்பு அறியாதவள் என்று அக்காலத் துரைமார் மட்டுமன்றி, இன்று நகரத்திலிருந்து அறிவுரை கூற வருவோரிற் சிலரும் கருதுவதுண்டு. இது அடிப்படையற்ற கருத்து. தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக 1947 இல் தெரிவுசெய்யப்பட்டவரும் எழுத்தாளருமான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டங்கள் தோறும் கேட்டுத் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் இம்மக்களின் மொழிவளத்திற்குப் போதிய சான்றாகும். இத்தாய்மாருக்குச் சொல் குறையவில்லை, பொழுதுதான் குறைந்தது. அந்தப் பொழுதை எடுத்துக்கொண்டவர் யார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

பிள்ளைமடுவம்

தாய் மலைக்குப் போனபின் குழந்தை எங்கே இருக்கும்? முதற்காலத்திலே மலையோரத்து மரக்கிளையிற் கட்டிய தூளியிலோ, லயத்திலே மூத்த பிள்ளையின் இடுப்பிலோ இருந்தது. மூத்த பிள்ளை பெரும்பாலும் பெண்பிள்ளை. தம்பியைத் தூக்கியதாற் பள்ளிக்கூடத்தை இழந்த அக்காமார் எத்தனை பேர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. பின்னர்த் தோட்ட நிர்வாகங்கள் பிள்ளைமடுவம் அல்லது பிள்ளைக்காம்பரா என்ற ஏற்பாட்டைச் செய்தன. கொழுந்து நிறுப்பதற்கு ஒரு மடுவம். பிள்ளைகளை விடுவதற்கு ஒரு மடுவம். பெயரிலேயே உள்ள இந்த ஒப்புமை சிந்திக்கத்தக்கது.

காலையிலே தாய் குழந்தையை அங்கே விடுவாள். பகலிலே கொழுந்து நிறுத்தபின் ஓடிவந்து பால் கொடுப்பாள். மீண்டும் மலை. மாலையிலே அழைத்துச் செல்வாள். மடுவத்தைப் பார்த்துக்கொண்டவள் பெரும்பாலும் கொழுந்தெடுக்கும் வலு இழந்த முதிய பெண். ஆயம்மா என்று பிள்ளைகள் அழைத்தனர். வரிசையாகத் தொட்டில்கள், ஒருத்திக்குப் பல குழந்தைகள். அவள் செய்யவேண்டியது குழந்தை விழாமற் பார்த்தல், பசிக்கு ஊட்டுதல், துணி மாற்றுதல். அவளுடைய அன்பிலே குறைகாண இடமில்லை. ஆனால் பல தொட்டில்களை ஆட்டும் ஒருத்தி, ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் நோக்கி அதன் மழலைக்கு மறுமழலை கூறுதல் இயலுமா? காவல் இருந்தது, விளையாட்டு இல்லை. பிள்ளைமடுவம் தாயைக் குழந்தையிடமிருந்து விடுவித்துத் தோட்டத்திற்குக் கொடுக்கவே அமைக்கப்பட்டது. குழந்தையை வளர்ப்பது அதன் முதல் நோக்கமாக இருக்கவில்லை.

சட்டத்தின் வரலாறும் இதனையே காட்டுகிறது. 1872 இன் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத் தொழிலாளரின் நோய்க்கு வைத்திய வசதி செய்வதை முதன்முதலாக ஒழுங்குபடுத்தியது. உழைக்கும் உடலைப் பேணுவதே அதன் கருத்து. 1912 இன் சட்டம் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறையுளும் வேலையிலிருந்து விலக்கும் அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமீது சுமத்தியது. 1939 இன் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் சம்பளத்தோடு கூடிய விடுமுறையை உரிமையாக்கியது. அதற்குப்பின் வந்த திருத்தங்களின் வழியே பாலூட்டும் இடைவேளையும் சட்டத்தில் ஏறியது: ஒன்பது மணி நேர வேலையிலே இரண்டு இடைவேளைகள்; பிள்ளை பராமரிக்கும் இடம் அமைந்திருப்பின் ஒவ்வொன்றும் அரை மணி, அமைந்திராவிடின் ஒரு மணி. 2018 இன் திருத்தம், எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் விடுமுறை என்று விதித்தது. இவை தாமாகக் கனிந்த கருணையல்ல. 1931 இல் அட்டனிலே நடேசய்யர் தொழிற்சங்கம் அமைத்த நாள் முதல், அவர் மனைவி மீனாட்சியம்மை தொழிலாளரிடையே பாடிய பாட்டுக்கள் முதல், எத்தனையோ போராட்டங்களின் பின்னணியிலே வந்தவை.

ஆனால் சட்டம் ஒரு கையால் தந்ததை அரசியல் மறுகையாற் பறித்தது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தினால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வாக்கில்லாதவரின் குழந்தையை எந்த அரசாங்கம் எண்ணும்? 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. பொருள்களைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டபோது குடும்பங்கள் பிளந்தன. அம்மாயி இராமேசுவரம் போகும் கப்பலிலும் பேரன் லயத்திலுமாகப் பிரிந்தபோது ஒரு முதியவளின் பயணம் மட்டும் நிகழவில்லை. தாய் இல்லாத பகற்பொழுதிலே அக்குழந்தையோடு பேசிய குரலும் கப்பலேறிற்று. இவ்விழப்பு எந்த ஒப்பந்தத்தின் கணக்கிலும் எழுதப்படவில்லை.

1975 இலே கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1970களின் பிற்பகுதி முதல் தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வந்தன. 1992 இலே தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் சென்றது. இக்காலத்திலே பிள்ளைமடுவங்கள் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகப் பெயரும் உருவும் மாறின. பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தனர். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் இப்பணியிலே ஈடுபட்டது. இது முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. ஆயினும் புதிய கட்டிடத்திலும் பழைய கேள்வி எஞ்சி நிற்கிறது: ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு முகமும் ஒரு குரலும் கிடைக்கின்றனவா?

84 நாளும் செவியும்

இக்கேள்வி ஏன் இத்துணை முக்கியமானது என்பதை விஞ்ஞானத்தின் துணைகொண்டு நோக்குவோம். கருவிலிருக்கும் குழந்தை ஏழாம் மாத அளவிலேயே ஒலியை உணர்ந்து அசைகிறது. 1980 இலே அமெரிக்க அறிஞரான டிகாஸ்பரும் பைபரும், பிறந்து மூன்று நாள் நிறையாத சிசுக்களே தம் தாயின் குரலை வேறொரு பெண்ணின் குரலினும் விரும்பித் தேடுவதை நிறுவினர். ஒரு மாதக் குழந்தையே பகரத்தின் இருவகை ஒலிப்பையும் பிரித்தறியும் என்பதை 1971 இலே ஐமாஸ் குழுவினர் காட்டினர். எனவே குழந்தை கேட்கும் ஆற்றலோடுதான் பிறக்கிறது.

ஆனால் அந்த ஆற்றல் எந்த மொழிக்குரியதாக வளர்கிறது என்பதைச் சுற்றமே தீர்மானிக்கிறது. கனடாவிலே வெர்க்கரும் டீஸும் 1984 இல் வெளியிட்ட ஆராய்ச்சி தமிழருக்குத் தனிச்சுவை உடையது. தகரத்திற்கும் டகரத்திற்கும் உள்ள வேறுபாட்டை, இந்தியிலே வழங்கும் ஒலிகளைக்கொண்டு, ஆங்கிலம் பேசுவோரின் குழந்தைகளிடம் சோதித்தனர். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அவ்வேறுபாட்டை உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்திலே அவ்வுணர்வு பெரிதும் மறைந்துவிட்டது. கேளாத ஒலியைச் செவி கைவிடுகிறது. லகர ளகர ழகரமும் னகர ணகரமும் நம் குழந்தையின் செவியிலே வேரூன்றுவது இலக்கண வகுப்பிலன்று. முதல் ஆண்டின் மழலை உரையாடலிலே.

அவ்வாறாயின் வானொலியை முடுக்கிவிட்டாற் போதாதா, இன்று கைத்தொலைபேசியைக் குழந்தையின் முன் வைத்தாற் போதாதா என்று கேட்கலாம். 2003 இலே அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே பட்ரீசியா கூலும் துணைவரும் நடத்திய ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீனமொழியை 12 முறை கேட்பித்தனர். நேரிலே அமர்ந்து விளையாடி, படம் காட்டி, கண்ணோடு கண் நோக்கிப் பேசியவர்களிடம் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பற்றிக்கொண்டன. அதே பேச்சை ஒளிப்பதிவாகவும் ஒலிப்பதிவாகவும் கேட்டவை ஒன்றும் கற்கவில்லை. செவிக்கு வேண்டியது ஒலி மட்டுமன்று, மறுமொழி தரும் மனிதர் என்பது இதனாற் பெறப்படும். மறுமொழியோடு கூடிய ஒலிக்குத்தான் விளையாட்டு என்று பெயர்.

இப்போது 84 என்ற எண்ணை மீண்டும் நோக்குங்கள். பன்னிரண்டு வாரம். குழந்தை குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பத் தொடங்குவது நாலாம் மாதத்தையொட்டி. தன் பெயர் கேட்டுத் திரும்புவதும் ஒலிகளைக் கோத்து மழலை பேசுவதும் அதன்பின். செவியின் விளையாட்டுத் தொடங்கும் வேளையிலே தாயின் விடுமுறை முடிகிறது. செங்கீரைப் பருவம் தொடங்குமுன் அவள் மலையேறி விடுகிறாள். ஆகவே நாலாம் மாதம் முதல் பிள்ளைமடுவமே தோட்டக் குழந்தையின் செவிக்குப் பள்ளி. அப்பள்ளியிலே யார் பேசுகிறார், எத்தனை பேருக்கு ஒருவர் பேசுகிறார் என்பது தொழிற்சங்கப் பிரச்சினை.

கேளாச் செவி

இதுவரை கூறியது கேட்கும் குழந்தையைப் பற்றி. கேட்கும் குறையோடு பிறந்த குழந்தைக்கோ காலம் இன்னும் கொடியது. அக்குறை வெளியே தெரிவதில்லை. கேளாக் குழந்தையும் முதல் மாதங்களிலே குரல் எழுப்புகிறது, சிரிக்கிறது. ஆகையாற் பெற்றோர் ஏமாறுகின்றனர். பேசும் வயதிலும் பேசாதபோது "மாமனைப்போல் தாமதமாகப் பேசும்" என்று ஆறுதல் கூறப்படுகிறது. முதலாம் வகுப்பிலே ஆசிரியர் அழைத்தும் திரும்பாதபோது மந்தம் என்றும் பிடிவாதம் என்றும் பெயர் கிடைக்கிறது. சில வேளை பிரம்படியும் கிடைக்கிறது. நம் தொழிலைச் சேர்ந்தோர் இதனை வெட்கத்தோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தமிழ்நாட்டிலே 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையிலே புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் செவிப்புலனற்றோர் பள்ளியை நிறுவினார். இலங்கையிலே 1912 இல் இரத்மலானையிலே மேரி சாப்மன் அம்மையாரின் முயற்சியால் ஒரு பள்ளி தோன்றியது. இவை பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ஒளி தந்தன. ஆனால் பள்ளி வயதுக்கு முந்திய ஆண்டுகளே தீர்க்கமானவை என்ற அறிவு பின்னரே பரவியது. இங்கிலாந்தின் மான்செஸ்டரிலே அலெக்சாண்டர் ஈவிங்கும் ஐரீன் ஈவிங்கும் 1944 இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்பம். அவர்கள் பயன்படுத்திய கருவிகள் கிலுகிலுப்பையும் கோப்பையும் கரண்டியும் மனிதக் குரலும். தாயின் மடியிலிருந்து விளையாடும் குழந்தையின் கண்ணுக்குப் படாத பக்கத்திலே மெல்ல ஒலியெழுப்பி அது திரும்புகிறதா என்று நோக்கினர். விளையாட்டே சோதனையாயிற்று. சென்னையிலே 1969 இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, கேளாத குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே தாயோடு சேர்த்து ஏற்றுப் பேச்சுக்குப் பழக்கியது. விளையாட்டோடு கூடிய உரையாடலே அங்கும் அடிப்படை.

இருப்பினும் விளையாட்டுச் சோதனை தனித்துப் போதாது. குழந்தை நிழலைக் கண்டும் காற்றை உணர்ந்தும் திரும்பக்கூடும். ஒரு பக்கச் செவி மட்டும் கேட்கும் குழந்தையும், உரத்த ஒலி மட்டும் கேட்கும் குழந்தையும் கைதட்டலுக்குத் திரும்பித் தாயை ஏமாற்றிவிடும். 1978 இலே இலண்டனில் டேவிட் கெம்ப் நலமுள்ள செவி தானே நுண்ணொலி எழுப்புகிறது என்று கண்டறிந்தார். அதன் பயனாக, உறங்கும் சிசுவின் செவியையும் சில நிமிடங்களிலே சோதிக்கும் கருவி வந்தது. இங்கிலாந்து 2006 இலே பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் இச்சோதனையை நடைமுறையாக்கியது. ஒரு மாதத்துள் சோதனை, மூன்று மாதத்துள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துள் உதவி என்பதே இன்று உலகம் ஏற்கும் கால அட்டவணை.

நமக்கு நம்பிக்கையூட்டும் செய்தியும் உண்டு. கருவுற்ற தாயைத் தாக்கும் ருபெல்லா நோய் குழந்தையின் செவியைக் கெடுக்கும் காரணங்களுள் ஒன்று. அந்நோய்க்கு எதிரான தடுப்பூசியை 1996 இலே தொடங்கிய இலங்கை, 2020 இலே அதனை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் ஒரே ஊசி போடப்பட்டதால் கிடைத்த வெற்றி இது. குழந்தைகளிடம் காணப்படும் கேட்கும் குறையில் ஏறத்தாழ 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவதென்று அந்நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. ஆகவே இது விதியன்று. பொதுச் சுகாதாரக் கொள்கை.

செய்யத்தக்கவை

ஆசிரியரும் மாணவரும் இதிலே செய்யத்தக்கவை யாவை? முதலாவது, தாய்மாரிடமும் ஆயம்மாக்களிடமும் ஏற்கெனவே உள்ள விளையாட்டுச் செல்வத்தின் மதிப்பை அவர்களுக்கு எடுத்துரைத்தல். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பேசுவது பாடம். குழந்தை எழுப்பும் ஒலியை அப்படியே திருப்பி ஒலித்து, அது மறுபடி ஒலிக்கும்வரை பொறுத்திருப்பது முதல் உரையாடல். கதவின் பின் மறைந்து பெயர் சொல்லி அழைப்பது திசையறியும் பயிற்சி. "விளக்கு எங்கே? நாய்க்குட்டி எங்கே?" என்பது சொல்லைப் பொருளோடு பொருத்தும் பயிற்சி. வெறும் பால்மா டின்னிலே தானியம் இட்டு, பிரியாதபடி மூடியை இறுகக் கட்டினாற் கிலுகிலுப்பை ஆயிற்று. மூடி கழன்றால் தானியம் குழந்தையின் தொண்டையிலே சிக்கும் என்பதால் இதிலே கவனம் வேண்டும். இரண்டரை மூன்று வயதுப் பிள்ளையிடம், டின் தட்டும் ஓசை கேட்டவுடன் ஒரு தேயிலைக் கொட்டையைச் சிரட்டையிலே போடு என்று ஆட்டம் கட்டலாம். உற்றுக் கேட்டலை வளர்ப்பதும் கேட்கும் குறையை ஐயுற உதவுவதுமாகிய இருபயன் அதிலே உண்டு.

இரண்டாவது, ஐயப்பட வேண்டிய குறிகளை அறிவித்தல். திடீரெனப் பெருத்த ஓசை எழுந்தாலும் திடுக்கிடாத சிசு, ஆறு மாதமாகியும் குரலுக்குத் திரும்பாத குழந்தை, பத்து மாதமாகியும் ஒலிகளைக் கோத்து மழலை பேசாத குழந்தை, ஒன்றரை வயதிலும் ஒரு சொல் பேசாத குழந்தை ஆகியவற்றை உடனே மருத்துவமாதிடமோ வைத்தியசாலையிலோ காட்டல் வேண்டும். திம்புள்ளயின் குளிரும் ஈரமும் காம்பரா அடுப்புப் புகையும் சளிக்கு இடமாவன. சளி நடுச்செவியில் இறங்கினால் நன்கு கேட்ட குழந்தையும் மந்தமாகக் கேட்கும். சீழ் வடியும் காதிலே காய்ச்சிய எண்ணெய் ஊற்றும் வழக்கத்தைப் பகையாது, பொறுமையாக விளக்கி மாற்றுதல் வேண்டும்.

மூன்றாவதே முதன்மையானது. அறிவுரை மட்டும் கூறி நின்றோமாயின், பொழுதில்லாத தாயின் தலையிலே இன்னொரு குற்றத்தைச் சுமத்தியவராவோம். மாலையிலே கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து, தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டும் பெண்ணிடம் குழந்தையோடு விளையாடு என்று கூறுதல் எளிது. அவளுக்கு அப்பொழுதைப் பெற்றுத் தருதல் கடினம். ஆயினும் அதுவே கடமை. பாலூட்டும் இடைவேளை ஏட்டிலிருந்து மலைக்கு வரவேண்டும். கைக்குழந்தைகளைப் பார்ப்போரின் தொகை பெருகவேண்டும். அவர்களுடைய ஊதியம் ஆசிரியப் பணிக்குரிய மதிப்போடு உயரவேண்டும். தோட்டத்துப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பிறந்தவுடன் செவிச்சோதனை கிடைக்கவேண்டும். கொழுந்தின் நிறையைக் கிராம் பிசகாமல் நிறுக்கத் தெரிந்த ஒரு தொழில்முறைக்கு, குழந்தைக்குரிய நாழிகையை எண்ணத் தெரியாது என்பதை நாம் ஏற்கலாகாது.

நூற்றைம்பது ஆண்டுகளாக இம்மலைகளிலே தப்பொலி கேட்டுப் பெரியோர் எழுந்தனர். அவர் எழுந்து சென்றபின் தொட்டில்களிலே குழந்தைகள் தனித்திருந்தன. அக்குழந்தைகளும் சப்பாணி கொட்டவும், அழைக்கும் குரலை நோக்கி நடந்து வரவும், தம் சிறுபறையைத் தாமே முழக்கவும் உரிமை உடையன. அரசனுக்கும் தெய்வத்திற்கும் தமிழ் வகுத்த பத்துப் பருவங்களைக் கூலிக்காரியின் குழந்தைக்கும் உரியனவாக்குதல் நம் தலைமுறையின் கடன்.